ஆயுத பூஜைக்குத் துடைத்த வெள்ளைப் பசை

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரு வியாதி வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிறீர்கள். பெட்டிக்கு வெல்வெட் உறை தைத்தது, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அறைக்குள் போனது, மவுஸுக்கு அடியில் இருந்த ரப்பர் உருண்டையை எடுத்து நகத்தால் அழுக்குச் சுரண்டியது. எல்லாம் சரி. அந்த உருண்டை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு விவேகம் என்று நீங்கள் ஆரம்பிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மனுஷியையும் சேர்த்துப் பாழாக்கப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி போர்ஷனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா. பிறகு அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. நங்கநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு நாள் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். அவள் கணவர் கை நீட்டுகிறவர். இதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அத்தையின் இடது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. எல்லோரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள். பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் அனுசரிச்சுண்டு போயிருக்கலாம்" என்றும் சொன்னார்கள்.

வந்தவள் சும்மா உட்காரவில்லை. பாண்டி பஜாரில் ஒரு மாடியில் டி.டி.பி. சொல்லிக்கொடுத்தார்கள், அதாவது கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துப் பக்கம் அமைக்கிற வேலை. அதில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். கையில் கிடந்த வளையல்களை விற்று, ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொன்னாள். கடைக்குப் போய் வாங்கி வந்தவர் சித்தப்பா. அவருக்கு பாங்க்கில் உத்தியோகம். அவருடைய கிளையில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள் என்பதால் வீட்டுக்கு அவர்தான் கம்ப்யூட்டர் நிபுணர். ஸ்கூட்டரில் போய் வந்த ஒரே காரணத்தால் அது "சித்தப்பா வாங்கின கம்ப்யூட்டர்" ஆகிவிட்டது. அத்தையும் அதைத் திருத்தவில்லை, வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த ஒரு பாய் அவளுக்கு வேலை கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை, பூணூல் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ். அத்தை டைப் அடித்து, பக்கம் அமைத்து, ஃபிளாப்பியில் போட்டுக் கொடுப்பாள்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தை பிறக்கும்வரை பார்ப்பது. அத்தை தன் சாப்பாட்டுக்கு ஆகிற அளவு சம்பாதித்துக் காட்டினால் எங்களோடு இருக்கலாம். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்துப் பேசி, அவளை நங்கநல்லூருக்கே அனுப்பிவிடுவது. "காலத்துக்கும் நானே சோறு போட முடியுமா?" என்று கேட்டார். கூடப் பிறந்த தங்கையை, அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டில் இருக்கிற எந்தச் சாமானும் துடைக்கப்படாமல் தப்பாது. அம்மா அரிவாள்மணையையும் தையல் மெஷினையும் தேய்த்து வைத்தாள். அப்பா தன் பழைய டைப்ரைட்டரை வெயிலில் வைத்துத் தட்டினார். சித்தப்பா கூடத்தில் பேப்பரை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்க வைத்து, திருகாணிகளைக் கழற்றினார். முகம் மழிக்கிற பிரஷ்ஷால் தூசியைத் தட்டியதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ப்ராசஸர் என்று ஒரு சில்லு. கம்ப்யூட்டரின் மூளை என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டோமே, அதுதான். வேலை செய்யச் செய்ய அது கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் தலைமேல் வரிசையாகத் தகடுகள் வைத்த அலுமினியக் கட்டி ஒன்றும், அதற்கு மேல் காற்றடிக்க ஒரு குட்டி ஃபேனும் உட்கார்ந்திருக்கும். சித்தப்பா கிளிப்பை நெம்பி, ஃபேனையும் அலுமினியக் கட்டியையும் தூக்கினார். கட்டியின் அடியிலும் சில்லின் மேலும் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது.

"என்ன கண்றாவி இது! சுண்ணாம்பைத் தடவி வெச்சிருக்கான்!" என்றார் சித்தப்பா.

"அசெம்பிள் பண்றவன் கை சுத்தம் அப்படி" என்றார் அப்பா.

சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அத்தை மட்டும் சொன்னாள். "அண்ணா, வெச்சவன் எதுக்கோதான் வெச்சிருப்பான். அதை விட்டுடேன்."

"உனக்கு டைப் அடிக்கத் தெரியும். இது ஹார்டுவேர். பேசாம இரு."

பழைய வேஷ்டித் துணியால் அந்த வெள்ளையைச் சுரண்டித் துடைத்தார். போதாது என்று, வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி போட்டு அலுமினியத்தைத் தேய்த்தார். பளபளவென்று முகம் தெரிந்தது. அப்படியே திரும்ப மாட்டி, ஃபேனின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பெட்டியை மூடி, கற்பூரம் காட்டினோம். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடம் முழுக்கச் சாமந்தி வாசனை, பொரி கடலை, தொடக் கூடாத புத்தகங்கள். சரஸ்வதி பூஜையன்று எதையும் இயக்கக் கூடாது என்பதால் மறுநாள் விஜயதசமிக்குத்தான் ஸ்விட்சைப் போட்டார்கள்.

அன்று மத்தியானமே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அத்தை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் தாத்தா பெயர்வரை வந்திருந்தாள். திரையில் எழுத்து அப்படியே உறைந்தது, மவுஸ் அம்பு அசையவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அடித்ததெல்லாம் காணோம். முதலிலிருந்து அடித்தாள், திரும்பவும் தாத்தாவோடு நின்றது. அந்தத் தாத்தாவின் பெயரை நானே மனப்பாடம் செய்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா, வைரஸ் என்றார். கண்ட கண்ட அச்சகத்து ஃபிளாப்பியைப் போட்டால் வேறென்ன வரும் என்று கேட்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஊரே குளிர்ந்த பிறகும் பெட்டி சூடாகி நின்றபோது, "மழையிலகூட கொதிக்கறதுன்னா சந்தேகமே இல்லை, வைரஸ் ஜுரம்தான்" என்றார். இவர் படித்த பட்டதாரி. அப்பாவோ, அத்தை மெஷினுக்கு ஓய்வே கொடுப்பதில்லை என்றார். "மனுஷாளுக்கே ரெஸ்ட் வேணும். காலம்பரலேர்ந்து ராத்திரி வரைக்கும் தட்டிண்டே இருந்தா?" என்றார். காலையிலிருந்து ராத்திரிவரை தட்டிய மனுஷிக்கு ஓய்வு வேண்டுமா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அம்மா எதுவும் சொல்லாமல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள்.

கடைசியில் சட்டம் போட்டார்கள். சாயங்காலம் சித்தப்பா வந்த பிறகு, அவர் மேற்பார்வையில் கொஞ்ச நேரம்தான் கம்ப்யூட்டர் போடலாம். மற்ற நேரம் வெல்வெட் உறை. தூசி வராமல் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். சூட்டில் நிற்கிற மெஷினுக்கு இந்த வைத்தியம்! வாங்கின கடையில் கேட்கலாம் என்றாள் அத்தை. "நான் ஒருத்தன் இருக்கறச்சே கடைக்காரன்கிட்ட போய் நிக்கணுமா?" என்று சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

பத்திரிகை வராததால் அச்சகத்து பாயே ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"இன்னாம்மா இது, பார்ட்டி வந்து கடையாண்ட குந்திகினு கீறான். உங்க மிஷினுக்காவ முகூர்த்தம் நிக்குமா?"

"இந்த வாரம் குடுத்துடறேன் பாய்."

"போன வாரமும் இதான் சொன்னே. உன் வேலை சுத்தமா கீது, அதான் மன்சு வர்ல. இன்னொரு தபா லேட்டாச்சுன்னா வேற ஆளாண்ட போய்டுவேன், தப்பா நினைச்சுக்காதே."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிழைப்பு அவருக்கு. அவர் போனதும் அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாரே, கோபம் அந்தக் கேள்வி மேல்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஆண்கள் இருவரும் ஆபீஸ் போயிருந்தார்கள். அத்தை உறையை எடுத்தாள், ஜன்னலைத் திறந்தாள், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள், ஸ்விட்சைப் போட்டாள். ஃபேனுக்குக் கீழே இருந்த அலுமினியத் தகடுகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல் திரை உறைந்தது.

"இது சுடவே இல்லையேடி. லேசா வெதுவெதுங்கறது, அவ்வளவுதான்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை நெம்பிக் கட்டியைத் தூக்கி, அடியில் இருந்த சில்லைத் தொட்டாள். சுரீரென்று கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வாயில் விரலோடு சில்லையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுப்பு எரியறது, வாணலி சுடலை. அப்போ சூடு மேலே ஏறலைன்னுதானே அர்த்தம்? நடுவுல என்னமோ இல்லை" என்றாள். பிறகு குரல் மாறியது. "அன்னிக்கு வெள்ளையா ஒண்ணு துடைச்சானே!"

அதுதான் விஷயம். கண்ணுக்கு எத்தனை வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு பரப்புகளும் முழுக்க ஒட்டாது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நின்றுகொள்ளும். காற்று சூட்டைக் கடத்தாது. அந்த வெள்ளைப் பசைக்கு ஒரே வேலை, அந்தப் பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளுவது. இன்றைக்கு இதை எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். அன்றைக்கு அத்தைக்குச் சொல்ல ஆள் இல்லை. விரலைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்தாள்.

சாயங்காலம் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் காபி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சனிக்கிழமை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனாள். சேற்றில் மிதித்துக்கொண்டு நாலைந்து கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையில் அது இருந்தது. பற்பசை டியூபின் குட்டி போல ஒன்று.

"யாரு போடறது, சாரா?" என்று கேட்டான் கடைக்காரன்.

"நான்தான்."

"வேணாம்மா, மிஷின் பூடும். வூட்ல சாரை இட்டுகினு வா."

அத்தை டியூபைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததுமே சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "நகரு, நகரு. எதையாவது ஒடைச்சு வெப்பே." டியூபை வாங்கி, மூடியைக் கழற்றி, ரொட்டிக்கு ஜாம் தடவுகிற மாதிரி பிதுக்கினார். அத்தை, "போறும் அண்ணா, போறும்" என்று கையை நீட்டினாள். "நிறையப் போட்டாத்தானே நன்னாக் குளிரும்!" என்று முக்கால் டியூபையும் கொட்டினார். கட்டியை வைத்து அழுத்தியதும் பசை நாலு பக்கமும் பிதுங்கி, சில்லைச் சுற்றி வழிந்தது. அந்தப் பசை ஒரு மெல்லிய படலமாக இருந்தால்தான் சூட்டைக் கடத்தும். அப்பி வைத்தால் அதுவே சூட்டை அடைக்கிற கதவு. கம்ப்யூட்டர் முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

"பாத்தியா? பசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதுக்கு ரிச்சி தெரு வரைக்கும் அலைஞ்சுட்டு வந்திருக்கா!" என்று சித்தப்பா எழுந்து கை கழுவப் போனார். அப்பா தொலைபேசியை எடுத்து நங்கநல்லூருக்குப் பேசினார். பொங்கல் கழிந்ததும் வந்து அழைத்துப் போகச் சொன்னார். அத்தை வழிந்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, கூடவே சித்தப்பாவின் ஸ்கூட்டர் டயரைக் குத்திவிட வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த நாள் மற்ற மூவரும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். அத்தை மருந்துக் கடையிலிருந்து ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தாள். வழிந்ததையெல்லாம் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இடுக்கில் போனதை பிரஷ்ஷால் எடுத்தாள். சில்லின் மேலும் கட்டியின் அடியிலும் பஞ்சில் வெள்ளை ஒட்டாதவரை துடைத்தாள். டியூபின் கழுத்தில் மிச்சம் இருந்ததைப் பிதுக்கினாள், ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில்லின் நடுவில் விழுந்தது. அச்சகத்தில் கொடுத்த ஃபிலிம் துண்டு ஒன்றை நேராக வெட்டி, அதன் விளிம்பால் மெதுவாகப் பரப்பினாள். அடியில் சில்லில் பொறித்திருந்த எழுத்துகள் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக.

"பக்கம் ஒட்டறச்சே கோந்தை எப்படிப் போடுவோம்? ஜாஸ்தியானா பேப்பர் உப்பிக்கும், நடுவுல காத்து நிக்கும். இதுவும் அதேதான்" என்றாள்.

கட்டியை நேராக இறக்கி, இப்படி அப்படி நகர்த்தாமல் கிளிப்பை மாட்டினாள். ஸ்விட்ச். விரல் தகடுகளின் மேல்.

"சுடறதுடி! நன்னா சுடறது! தொட்டுப் பாரேன்!"

தொட்டேன். சூடு ஏறிக்கொண்டே வந்தது, ஃபேன் அதை ஊதி வெளியே தள்ளியது. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அன்றைய பத்திரிகையில் தாத்தா பெயரைத் தாண்டி, பாட்டி பெயரைத் தாண்டி, மண்டபத்தின் விலாசமும் முடிந்து, விளக்கு வைக்கிற நேரம்வரை கம்ப்யூட்டர் ஓடியது.

விசேஷம் முடிந்து வந்த சித்தப்பா திரையைப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் இரத்தம் கொதிக்கட்டும். "பசை செட் ஆறதுக்கு ஒரு நாள் ஆகும். நான்தான் அப்பவே சொன்னேனே!"

சொல்லவே இல்லை. அத்தை பஞ்சையும் ஸ்பிரிட்டையும் காட்டினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சித்தப்பா சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் டாக்டராகப் போய்வந்தார். எத்தனை ப்ராசஸர்களை ஜாமில் முக்கினாரோ தெரியாது.

மார்கழி முழுவதும் அத்தை தைக் கல்யாணங்களின் பத்திரிகைகளை அடித்துத் தள்ளினாள். பாய் வேறு ஆளிடம் போகவில்லை, மற்றவர்களிடம் கொடுத்திருந்த வேலையையும் இவளிடம் கொண்டுவந்தார். மாதக் கடைசியில் அத்தை அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, தை வரைக்கும்னு சொன்னே. என் சாப்பாட்டுக்கு மேலயே வரது. நான் இங்கயே இருக்கேன்."

"அவாளை வரச் சொல்லியாச்சே. வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசினா நன்னாவா இருக்கும்?" என்றார் அப்பா.

அவளுக்குக் கொடுத்த வாக்கு வாக்கில்லையா? பதினொரு வயதில் எனக்கே தோன்றிய கேள்வி. நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அத்தை உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில், சித்தப்பாவின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனவள் என்றுதான் அத்தையைச் சொல்கிறார்கள். அவள் எப்படிப் போனாள் என்பதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பொங்கல் கழிந்து அத்தையின் கணவரும் அவருடைய அண்ணாவும் வந்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சித்தப்பா, செத்துப்போன கம்ப்யூட்டரைத் தான் பிழைக்க வைத்த கதையை விஸ்தாரமாகச் சொன்னார். கணவரின் அண்ணா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ அதுவும் இவளோட வந்துடட்டுமே, எங்காத்துப் பையனுக்கு உபயோகப்படும்" என்றார். அப்பா, "அதுக்கென்ன, பேஷா" என்றார்.

அறைக்குள் ஃபேன் சத்தம் நின்றது. அத்தை பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளில் வந்தபோது கொண்டுவந்த அதே பையோடு கூடத்துக்கு வந்தாள்.

"நான் நங்கநல்லூருக்கு வரலை. ராயப்பேட்டையில லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் பாத்தாச்சு. பாய் அச்சகத்து மாடியில மேஜை போட்டுக் குடுத்திருக்கார். கீழே ஆட்டோ நிக்கறது."

"அதைக் கீழ வை! நான் வாங்கினது!" என்று சித்தப்பா கத்தினார். அத்தையின் கணவர் எழுந்து நின்றார். அவர் எழுந்த வேகத்தில் அத்தையின் தோள் தானாகச் சுருங்கியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தை மூடினார், அவ்வளவுதான். ஆனாலும் அத்தை நிற்கவில்லை, படியிறங்கினாள். கணவர் அவள் பின்னால் கதவை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அப்போது அறைக்குள்ளிருந்து அம்மா வந்தாள். இத்தனை மாதமும் ஒரு வார்த்தை பேசாத அம்மா, மிளகாய் சுற்றிப் போட்டதோடு சரியாக இருந்த அம்மா, அந்தப் பெரிய மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வயர் தரையில் இழுபட, நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வழியை விடுங்கோ. கனமா இருக்கு."

அவர் விட்டார். விடாமல் என்ன செய்வார்? அம்மா படியிறங்கிப் போய் மானிட்டரை ஆட்டோவில் வைத்துவிட்டு, தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். "என்னடி பண்ணிண்டிருக்கே நீ?" என்று அப்பா கேட்டார். அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. மேஜையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கீபோர்டு விட்டுப்போச்சு. எடுத்துண்டு ஓடு, ஆட்டோ கிளம்பிடப் போறது."

நான் கீபோர்டை வாரி எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் புகுந்து படிகளில் ஓடினேன்.